கியூ தடி செய்ய சிஎன்சி மெசின் வாங்கப் போகிறீர்களா, முதலில் அளவு நாடாவை எடுங்கள்

2022 தை மாதம் ஒரு சிஎன்சி மெசினுக்கு, அதாவது கணினி சொல்லுகிற வழியில் மரத்தை வெட்டுகிற மெசினுக்கு, முற்பணம் கட்டினேன். காசுக்கு விற்கக்கூடிய முதல் பூல் கியூ, அதாவது பூல் மேசையில் பந்தை அடிக்கிற தடி, என்னுடைய பட்டறையை விட்டு வெளியே போனது 2024 பங்குனியில். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது, கையில் இருந்ததும் கைமாற்று வாங்கியதுமாகப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் வரை செலவானது, அதில் ஐந்து இலட்சமாவது யாரும் முன்னமே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போயிராது. யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைப் பற்றிக் கேட்க எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசல் தெரிந்தவர்களுக்குக் கியூ தெரியாது, பூல் விளையாடுகிற பெடியங்களுக்கு மெசின் தெரியாது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுடையது கோண்டாவிலில் அப்பா காலத்துத் தளபாடப் பட்டறை. கட்டில், அலுமாரி, கதிரை, கட்டில் காலுக்குக் கடைசல். 2021 மார்கழியில் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து வந்த மச்சான் தன்னுடைய பூல் கியூவைக் கொண்டுவந்திருந்தார், பயணப் பையில் அடிபட்டு நடுவில் இரண்டு பாதியையும் பூட்டுகிற பித்தளை ஜொயின்ட் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றித் திரும்ப ஒட்டி, நுனியில் தோல் டிப்பும் மாற்றிக் கொடுத்தேன். அங்கே கையால் செய்த கியூ 600, 800 டொலருக்கெல்லாம் போகிறது, நீ இந்தக் கையை வைத்துக்கொண்டு ஏன் கட்டில் கால் கடைகிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. அவர் விமானம் ஏறி ஒரு கிழமைக்குள் இரவிரவாக வீடியோ பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

வீடியோவில் எல்லாம் ஒரே மெசினில் நடக்கிற மாதிரித்தான் இருந்தது. தடி சுற்றுகிறது, ஸ்பிண்டில் (வெட்டும் அலகைச் சுற்றுகிற மோட்டர்) ஓடுகிறது, பூவேலை வருகிறது, முடிந்தது. சீனாவில் இருந்து மெசின் விற்கிற ஒருவரிடம் பூல் கியூ செய்யலாமா என்று கேட்டேன், செய்யலாம் என்றார், தடியைச் சுழற்றும் நாலாவது அச்சும் சேர்த்துத் தருகிறோம் என்றார். 6040 என்கிற அளவு, 2.2 கிலோவாட் தண்ணீரில் குளிரும் ஸ்பிண்டில், அச்சுகளை நகர்த்தும் பால் ஸ்க்ரூ, நாலு அச்சு, 1,850 டொலர். கேள்வியை நான் கேட்ட விதமே பிழை. இந்த மெசினில் கியூ செய்யலாமா என்று கேட்டால் எந்த வியாபாரியும் ஓம் என்றுதான் சொல்வார். 29 அங்குலத் தடியை, ஒரு முனையைப் பிடித்துச் சுற்றும் சக்குக்கும் மற்ற முனையைத் தாங்கும் டெயில்ஸ்டொக்குக்கும் நடுவில் மாட்டி ஒரு அந்தத்தில் இருந்து மற்ற அந்தம் வரை ஒரே ஓட்டத்தில் வெட்டலாமா, அப்படி மாட்டி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

காசுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வீதம் முற்பணம், மிச்சம் கப்பலில் ஏற்ற முன். முற்பணம் கட்டியபோது டொலர் 203 ரூபாய். மெசின் தயார் என்று செய்தி வந்தது பங்குனி நடுவில், அதற்குள் ரூபாயை மிதக்க விட்டுவிட்டார்கள். வங்கிக்குப் போனால் டொலர் இல்லை, இன்றைக்கு வா நாளைக்கு வா. கடைசியில் மிச்சத்தை நான் அனுப்பியது வைகாசியில், 360 ரூபாய் அளவில். அந்த ஒரு இடத்திலேயே இரண்டு இலட்சம் கூடப் போனது. அது நாடு முழுக்க எல்லாருக்கும் விழுந்த அடி, என்னுடைய பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் மெசின் விலையை மட்டும் கணக்குப் பார்த்தது என்னுடைய பிழைதான். கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, வரிகள், கிளியரிங் செய்பவரின் கட்டணம், துறைமுகத்தில் கிடந்த நாட்களுக்கான வாடகை எல்லாம் சேர்ந்து ஒரு இலட்சத்து எண்பதாயிரம். பிறகு டீசல் இல்லாத ஆனி, ஆடி மாதங்கள். பெட்டி கொழும்பில் கிடந்தது, ஏ9 வீதியால் ஏற்றிவர லொறி கிடைத்தது ஆவணியில். வெளிநாட்டு மெசின் விலையைப் பார்க்கிறவர்கள் அதோடு பாதியைக் கூட்டி மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தொகை கையில் இல்லையென்றால் முற்பணம் கட்டவேண்டாம்.

பெட்டியை உடைத்த அன்று பின்னேரமே, மச்சான் கனடாவில் இருந்து முதலே அனுப்பி வைத்திருந்த மேப்பிள் மரத் தடி ஒன்றை எடுத்துச் சக்கில் மாட்டப் போனேன். ஒரு பூல் கியூவின் முழு நீளம் 58 அங்குலம். அதை நடுவில் கழற்றுகிற மாதிரிச் செய்வதால் முன்பாதி 29, பின்பாதி 29. முன்பாதியை ஷாஃப்ட் என்றும் கைபிடிக்கும் பின்பாதியை பட் என்றும் சொல்வார்கள். 29 அங்குலம் என்றால் 737 மில்லிமீட்டர். 6040 என்பது 600க்கு 400 மில்லிமீட்டர். இது எனக்குத் தெரியாததல்ல, கொஞ்சம் அங்கே இங்கே இருக்கும், எப்படியும் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த மேசையின் மேலேதான் சக்கும் அதைச் சுற்றுகிற மோட்டரும் உட்கார்ந்திருந்தன, மற்றப் பக்கம் டெயில்ஸ்டொக். நாடாவைப் பிடித்துப் பார்த்தேன், நடுவில் மிஞ்சியது 410 மில்லிமீட்டர். தடியின் ஒரு முனை சக்கில் இருக்க மற்ற முனை டெயில்ஸ்டொக்கைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

பிறகு நான் செய்ததுதான் இன்னும் பெரிய நட்டம். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, சமாளிக்கப் பார்த்தேன். டெயில்ஸ்டொக்கைக் கழற்றி மேசைக்கு வெளியே ஒரு பலகையில் பூட்டி, தடியின் பாதியை வெட்டி, பிறகு திருப்பி மாட்டி மற்றப் பாதியை வெட்டினேன். கண்ணுக்கு வடிவாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் பெடியன் ஒருவன் நல்ல விளையாட்டுக்காரன், அவனிடம் கொடுத்தேன். இடது கையை மேசையில் ஊன்றி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தடியை விட்டு இரண்டு தரம் முன்னும் பின்னும் ஓட்டினான். மூன்றாம் தரம் நிறுத்திவிட்டான். “அண்ணை, இதிலை என்னவோ தட்டுது” என்று நடுவில் விரலை வைத்துக் காட்டினான். அளந்து பார்த்தேன், இரண்டு வெட்டும் சந்திக்கிற இடத்தில் 0.2 மில்லிமீட்டர் படி. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கியூவில் விரல்தான் நீதிபதி. திருப்பி மாட்டும்போது அதே மையத்துக்குத் திரும்ப வராது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் வராது. இதற்கு மூன்று மாதமும் பதினாலு மேப்பிள் தடியும் போயின.

கார்த்திகையில் ஒரு நாள் கொக்குவிலில் இரும்புக் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஐயாவிடம் போனேன், நீளமான லேத் ஒன்றில் கடைந்து தருவாரா என்று கேட்க. என்னுடைய கதை முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார், “தம்பி, உந்தத் தடி எவ்வளவு நீளம்?” “இருபத்தொன்பது இஞ்சி ஐயா.” “மெசினுக்கை எவ்வளவு இடம் கிடக்கு?” “பதினாறு.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பிறகேன் அதோடை மினக்கெடுறீர்?” என்றார். அவருடைய லேத்தில் ஒரு தடியை மாட்டியும் பார்த்தோம். இரும்பு கடைகிற ஒற்றைக் கூர் உளி மெல்லிய மரத்தைத் தள்ளுகிறது, தடி நடுவில் வில்லாக வளைந்து அதிர்கிறது, மேற்பரப்பு முழுக்க வரிவரியாக வந்தது. 13 மில்லிமீட்டர் தடிப்பும் 737 நீளமுமான ஒரு குச்சியை அப்படி வெட்ட முடியாது. அதற்குத்தான் கியூ செய்கிறவர்கள் வட்ட வாளையோ, நிமிடத்துக்குப் பதினையாயிரம், இருபதாயிரம் சுற்று ஓடுகிற ரவுட்டர் என்கிற மரம் வெட்டும் மோட்டரையோ பக்கவாட்டில் ஓட்டுகிறார்கள், தடி மெதுவாகச் சுற்றும், வெட்டும் அலகு வேகமாகச் சுற்றும், ஒவ்வொரு பல்லும் எடுப்பது துளியளவு என்பதால் தடிக்குத் தள்ளல் குறைவு.

அந்த ஐயாவின் மேசையில் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் முதல் தடவையாக ஒரு கியூவுக்கு என்னென்ன வெட்டு இருக்கிறது என்று எழுதினோம். மெசின் வாங்க முன் செய்திருக்க வேண்டிய வேலை அது. சதுரக் கட்டையை உருட்டுவது, பிறகு சரிவாக மெலிய வைப்பது, அதாவது ஷாஃப்ட் நுனியில் 13 மில்லிமீட்டரில் தொடங்கி ஜொயின்ட் பக்கம் 21.5 வரை, பட் அங்கிருந்து அடியில் 32 வரை. பிறகு முனையைத் தட்டையாக வெட்டி, நடு மையத்தில் துளையிட்டு, ஜொயின்ட் பின்னுக்குப் புரி போடுவது. பிறகு பூவேலை, இன்லே, அதாவது குழி வெட்டி அதற்குள் துண்டு பதிப்பது. கடைசியில் தேய்ப்பும் பூச்சும். இதில் மூன்றாவது வேலைக்கு சிஎன்சி ரவுட்டர் சரிவரவே வராது, அதற்குத் தலைக்குள் துளை பெரிதான ஒரு சின்ன லேத் வேண்டும், 32 மில்லிமீட்டர் பட் உள்ளே புகுந்து போகவேண்டும். என்னுடைய சக்கின் துளை 22. சரிவு வெட்டுக்கு நீளம் வேண்டும், ஆனால் நாலு அச்சு வேண்டியதில்லை. இன்லேக்கு நாலு அச்சும் நுணுக்கமும் வேண்டும், ஆனால் நீளம் வேண்டியதில்லை, ஏனென்றால் பட்டின் முன்துண்டு தனியாகச் செய்து பிறகு ஒட்டுவது, அது 12, 13 அங்குலம்தான். ஆக நான் வாங்கியது இன்லே மெசின். அதை வைத்துக்கொண்டு சரிவு வெட்டப் பார்த்தேன். ஒரே மெசினில் எல்லாம் செய்யலாம் என்பதை நம்பவேண்டாம் என்று ஆணித்தரமாகச் சொல்லுவேன். அப்படி ஒரே மெசின்தான் வேண்டும் என்றால் நீள அச்சு 900 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, சக்கையும் டெயில்ஸ்டொக்கையும் மாட்டிய பிறகு நடுவில் 760 ஆவது மிஞ்சவேண்டும், ஸ்பிண்டில் சக்குக்கு மேலால் முட்டாமல் போகிற உயரமும் இருக்கவேண்டும்.

சரிவு மெசினை அந்த ஐயாவின் பட்டறையிலேயே செய்வித்தேன். பழைய லேத் ஒன்றின் வார்ப்பிரும்புப் பெட், அதாவது அடிச்சட்டம், கிடைத்தது, அதன் மேல் வழுக்கி ஓட ஒரு மீட்டர் லீனியர் ரெயில், 16 மில்லிமீட்டர் தடிப்பும் 5 மில்லிமீட்டர் புரி இடைவெளியும் உள்ள பால் ஸ்க்ரூ, படிப்படியாகச் சுற்றுகிற இரண்டு ஸ்டெப்பர் மோட்டர், ஒரு மர ரவுட்டர். மூன்று இலட்சத்து இருபதாயிரம் முடிந்தது. ஒட்டுப்போட்ட இரும்புச் சட்டத்தில் செய்யலாம் என்று நான் சொன்னேன், வெல்டிங் சூட்டில் இழுத்த இரும்பு பிறகும் முறுகும் என்று அவர் விடவில்லை, அது எவ்வளவு சரி என்று இப்போது தெரிகிறது. தடியைச் சுற்ற சிஎன்சி அச்சு வைக்கவில்லை, சாதாரண மோட்டர் ஒன்று பெல்ட்டில் நிமிடத்துக்கு 100 சுற்று சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கட்டுப்படுத்துவது நீளப் போக்கையும் உள்ளே வெளியே போவதையும் மட்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு தடிக்கு ஏழரை நிமிடம். நாலாவது அச்சில் சுற்றிச் சுற்றி வெட்டினால் மெசினுக்குக் கட்டளை சொல்லும் ஜி கோட் ஆயிரக்கணக்கான வரி வரும், இதற்கு இருபது வரி போதும், எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு என்று கையாலேயே எழுதிவிடலாம்.

6040 மெசினோடு வந்த, அதை ஓட்டுகிற மாக்3 மென்பொருள் உரிமம் இல்லாத பிரதி, நடு வெட்டில் நின்றுவிடும். அதோடு கட்டுப்பாட்டுப் பெட்டி பழைய பரலல் போர்ட்டில் வேலை செய்வது, என்னுடைய மடிக்கணினியில் அந்த வாய் கிடையாது, 64 பிட் விண்டோஸில் அந்த வழியால் மாக்3 ஓடவும் ஓடாது. பழைய 32 பிட் மேசைக் கணினி ஒன்று தேடி எடுத்தேன், இப்போது அதில் லினக்ஸ்சிஎன்சி என்கிற மென்பொருள் போட்டிருக்கிறேன், இலவசம், வடிவாக ஓடுகிறது. சுழலும் அச்சைச் சரிபார்க்க ஒரு சின்ன வழி, சக்கில் பென்சிலால் கோடு போட்டு 3600 பாகை சுற்றச் சொல்லுங்கள், பத்துச் சுற்று முடிந்து கோடு அதே இடத்துக்கு வரவேண்டும். எனக்கு வரவில்லை, கியர் விகிதத்தைப் பிழையாகப் போட்டிருந்தார்கள். இன்லேயில் குழிக்கும் துண்டுக்கும் நடுவில் பசைக்கு 0.05 மில்லிமீட்டர்தான் விடுவோம், அச்சில் ஆட்டம் இருந்தால் அந்த இடத்தில் பசைக்கோடு கறுப்பாகத் தெரியும்.

அடுத்தது தண்ணீர், இது யாழ்ப்பாணத்தாருக்கென்றே எழுதவேண்டியது. ஸ்பிண்டிலைக் குளிரவைக்க ஒரு வாளித் தண்ணீரும் சின்னப் பம்பும் போதும் என்றிருந்தது. நான் கிணற்றில் அள்ளி ஊற்றினேன். எங்களுடைய கிணறு சுண்ணாம்புக் கல்லில் தோண்டியது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே தண்ணீர். ஐந்தாம் மாதம், 2023 தையில், ஸ்பிண்டில் சத்தம் மாறியது, கை வைக்கமுடியாத சூடு. குழாயைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் படிவு இறுகி, நடுவில் அரிசி அளவு வழிதான் இருந்தது. பேரிங் போய்விட்டது, திருத்த 65 ஆயிரம். காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் காற்றில் குளிரும் ஸ்பிண்டிலை வாங்குங்கள், சத்தம் கூட, அவ்வளவுதான். அந்த நேரம் கரண்ட் வெட்டும் அநேகமாகத் தினமும் இருந்தது. நடு வெட்டில் கரண்ட் போனால் ஸ்டெப்பர் தான் நின்ற இடத்தை மறந்துவிடும், அந்தத் துண்டு அவ்வளவுதான். ஒரு யுபிஎஸ் கணினிக்கு மட்டும் வைத்துப் பிரயோசனம் இல்லை, மின்வெட்டு நேரசூசியைப் பார்த்து மர வெட்டைத் தொடங்குவதுதான் அப்போது வழியாக இருந்தது. ஸ்பிண்டிலின் உடலையும் மெசினின் சட்டத்தையும் எர்த் செய்யுங்கள், செய்யாமல் விட்டபோது எங்கோ ஒரு சுவிட்ச் தட்டியதாக நினைத்து மெசின் தானாக நின்றது.

இனி மரம். நல்ல மெசின் வந்துவிட்டது என்ற சந்தோசத்தில் 2023 ஐப்பசியில் பன்னிரண்டு மேப்பிள் தடியை எடுத்து, 25 மில்லிமீட்டர் உருளையில் இருந்து நேராகக் கடைசி அளவுக்கு இரண்டு நாளில் வெட்டி முடித்தேன். அவ்வளவு அழகு, பட்டு மாதிரி, எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கிழமை மழை தொடங்கியது. எட்டாம் நாள் ஒவ்வொன்றாக யன்னல் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினேன். மற்றப் பக்கம் டோர்ச் லைட்டை வைத்தால் தடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். முதல் தடி உருளும்போது வெளிச்சக் கீற்று நடுவில் திறந்து மூடியது, திறந்து மூடியது. இரண்டாவதும் அப்படி. ஒன்பது தடி வளைந்துவிட்டன. கனடாவின் உலர்ந்த குளிரில் இருந்து வந்த மரம், எங்களுடைய மாரிக் காற்றின் ஈரத்தைக் குடித்தது, அதோடு உள்ளே இறுக்கிப் பிடித்திருந்த இழுவையை நான் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டேன். எந்த மெசினாலும் இதை மாற்றமுடியாது. மரம் வந்தால் முதலில் இரண்டு மாதமாவது இங்கத்தைக் காற்றுக்குப் பழகவிட வேண்டும். முதல் வெட்டு நுனியில் 18, ஜொயின்ட் பக்கம் 24 என்று தடிப்பாக விடவேண்டும். பிறகு மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வெட்டு, ஒவ்வொரு வெட்டும் அதற்குள் வந்த சின்ன வளைவை எடுத்துவிடும், கடைசி வெட்டு கால் மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. இடையில் தட்டில் கிடத்தாமல் நுனியில் கொளுக்கி போட்டுத் தொங்கவிட வேண்டும். அந்தப் பன்னிரண்டில் தப்பிய மூன்றில் ஒன்றுதான் பிறகு நான் விற்ற முதல் கியூ.

பட்டுக்கு எங்களுடைய மரமே போதும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பழைய முதிரைக் கட்டில் சட்டங்கள் அருமை, நாற்பது ஐம்பது வருடம் உலர்ந்தவை, அசையவே அசையாது. மானிப்பாயில் உடைத்த ஒரு வீட்டுக் கூரையில் இருந்து பனஞ்சிலாகை வாங்கினேன், வைரம் பாய்ந்த கறுப்பு நாரும் இடையில் மஞ்சளுமாக, பூச்சுப் போட்டதும் கண்ணாடிக்குள் மழை பெய்கிற மாதிரி இருக்கும். ஆனால் பனை அலகைத் தின்றுவிடும், நார் பிய்ந்து எழும்பும், கார்பைட் அலகும் மெதுவான ஓட்டமும் வேண்டும், வெட்டமுன் காந்தத்தை ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், நான் ஒரு அலகை ஆணியில் உடைத்தேன். கருங்காலி தரலாம் என்று யாரும் வந்தால் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள், அது இல்லாமல் தொடவேண்டாம்.

இப்போது இன்லேக்கு 6040, சரிவுக்கு நீள மெசின், ஜொயின்டுக்கு ஒரு பழைய சின்ன லேத். மாதம் இரண்டு கியூ முடிகிறது, மச்சான் மூலமாக ரொறன்ரோவுக்கும், இங்கே இரண்டு மூன்று கழகத்துக்கும் போகிறது. வாங்குகிற எண்ணத்தில் இருப்பவர்கள் பட்டறைக்கு வந்து ஒரு தடியை மாட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம், நாடாவோடு வாருங்கள். கூரைவளையில் இப்போது நாற்பத்தொரு ஷாஃப்ட் தொங்குகின்றன, மூன்றாம் வெட்டு முடிந்தவை. மழை விட்டு, தை கடைசியில்தான் நாலாவது.